பழகத் தயங்கும் வளர்ந்த நாய்: தற்காலிகமாக ஏற்பது முதல் புது வீட்டில் சேர்ப்பது வரை

மீட்கப்பட்ட நாய்களில் குட்டிகளுக்கு வீடு கிடைப்பது எளிது. நான்கைந்து வயதைக் கடந்து, ஆளைக் கண்டால் ஒதுங்குகிற, அல்லது வேறு நாயைக் கண்டால் பாய்கிற நாய்தான் காப்பகத்துக் கூண்டிலேயே தங்கிவிடுகிறது. அத்தகைய நாயைச் சில வாரங்களோ சில மாதங்களோ வீட்டில் வைத்துப் பராமரித்து, அதற்கேற்ற நிரந்தர வீட்டில் ஒப்படைப்பதே தற்காலிக வளர்ப்பு. இதில் இறங்குவோர் பலரும் நாயைத் திருத்திக் கொடுப்பதே தம் கடமை என்று எண்ணுகிறார்கள். அதைவிட முக்கியமான கடமை, அந்த நாய் எப்படிப்பட்டது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வது என்பேன். கூண்டில் இருக்கும்வரை அதன் இயல்பு எவருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் உண்டு, உறங்கி, கதவு தட்டும் ஓசை கேட்டு வாழும்போதுதான் அது வெளிப்படுகிறது. கண்டதை எழுதி வைத்து, மறைக்காமல் அடுத்தவரிடம் சொல்ல முடிந்தால், பயிற்சி பாதியில் நின்றிருந்தாலும் நாய்க்குப் பொருத்தமான வீடு அமையும். அது தெரியாமல் கொடுக்கப்பட்ட நாய், எவ்வளவு பழக்கியிருந்தாலும் திரும்பி வந்துவிடும்.

ஏற்பதற்கு முன் கேட்க வேண்டியவை

நாயை நேரில் பார்த்ததும் மனம் இளகிவிடும் என்பதால், கேட்க வேண்டியவற்றை அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முதல் கேள்வி கடி பற்றியது. 'கடித்திருக்கிறதா?' என்று பொதுவாகக் கேட்டால் 'லேசாகத்தான்' என்ற விடைதான் வரும். கால்நடை மருத்துவரும் நாய் நடத்தை வல்லுநருமான இயன் டன்பார் வகுத்த ஆறு நிலைகள் இதற்கு நல்ல அளவுகோல். முதல் நிலையில் நாய் சீறும், பாயும், ஆனால் பல் தோலில் படாது. இரண்டாம் நிலையில் பல் படும், துளை விழாது. மூன்றாம் நிலையில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள் விழும், எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்தைவிட ஆழமாக இராது. நான்காம் நிலையில் துளை அதைவிட ஆழமாக இறங்கும். ஐந்தாம் நிலை அப்படிப் பலமுறை கடித்தது. ஆறாம் நிலை உயிரிழப்பு. முதன்முறையாகத் தற்காலிக வளர்ப்பில் இறங்குகிறவர் இரண்டாம் நிலைக்கு மேற்பட்ட வரலாறுடைய நாயை ஏற்க வேண்டாம். வீட்டில் சிறு குழந்தை இருந்தால், கடித்த வரலாறுடைய எந்த நாயையும் ஏற்க வேண்டாம். இதை இரக்கமின்மை என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள்.

அடுத்தது பொறுப்பு. நாயின் சட்டப்படியான உரிமையாளர் யார், மருத்துவச் செலவை யார் ஏற்பார்கள், நிலைமை கைமீறினால் எத்தனை மணி நேரத்துக்குள் நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள், இறுதியில் புது வீட்டைத் தேர்வு செய்யும் உரிமை யாருக்கு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. நாயை நன்கு அறிந்தவரின் சொல்லுக்கு இடமில்லாமல் போவது பின்னால் பெரும் மனவேதனையைத் தரும்.

வெறிநோய்த் தடுப்பூசி உள்ளிட்டவை போடப்பட்டிருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே நாய் இருந்தால், நோய் எதுவும் மறைந்திருக்கக்கூடும் என்பதால் புது நாயை இரு வாரங்கள் தனியே வைத்திருப்பது நல்லது. அந்தப் பிரிவு இரு நாய்களுக்கும் மனநிம்மதியும் தரும்.

அச்சம் எங்கிருந்து வருகிறது

ஒதுங்கி நடுங்கும் நாயைப் பார்த்தவுடன் 'யாரோ அடித்திருக்கிறார்கள்' என்று சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் உண்மை வேறு. நாய்க்குட்டி சுமார் மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில்தான் எவையெல்லாம் இயல்பானவை என்று உலகத்தைப் பற்றிக் கற்றுக்கொள்கிறது. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் நடத்திய நெடுநாள் ஆய்வுகளிலிருந்து இது உறுதியானது. அங்கே செய்யப்பட்டு 1961இல் வெளியான ஓர் ஆய்வில், பதினான்கு வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்ந்த குட்டிகள் அதன்பின் காட்டு விலங்குகளைப் போல மனிதரைக் கண்டு மிரண்டன. அவற்றை எவரும் அடிக்கவில்லை. உரிய வயதில் அவை மனிதரைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டை அறிவதில் நடைமுறைப் பயன் உண்டு. நல்ல அனுபவத்துக்குப் பின் ஏதோ ஒன்றால் பயந்த நாய், பழைய நம்பிக்கைக்குத் திரும்பக்கூடும். அந்த இளம் பருவத்தையே இழந்த நாய்க்குத் திரும்புவதற்கு ஓர் இடம் இல்லை. அது ஒவ்வொரு மனிதரையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். ஐந்து பேரோடு நன்றாகப் பழகிவிட்டு, ஆறாமவரைக் கண்டு மறுபடியும் ஒளிந்துகொள்ளும். அப்போது உங்கள் உழைப்பு வீணாகிவிட்டதாகக் கருதிவிடாதீர்கள்.

மூன்றாவது காரணம் வலி. காதுச் சீழ், பல் நோய், இடுப்பு மூட்டுத் தேய்வு ஆகியவை சாதுவான நாயையும் சீற வைக்கும். தொட்டால் உறுமுகிற நாயைப் பயிற்சியாளரிடம் காட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

'நாய் உங்களை அடக்கி ஆளப் பார்க்கிறது, நீங்கள்தான் தலைவர் என்று காட்டுங்கள்' என்று அறிவுரை சொல்வோர் எங்கும் உண்டு. அந்தக் கருத்துக்கு வேர், ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் வெளியிட்ட, அடைப்பில் வாழ்ந்த ஓநாய்களைப் பற்றிய ஆய்வு. இயற்கையில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பமே என்று 1999இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதித் தெளிவுபடுத்திவிட்டார். பயந்த நாயை மல்லாக்கத் தள்ளி அழுத்துவதும், கழுத்தைச் சுண்டி இழுப்பதும் அதன் அச்சம் சரிதான் என்பதற்கான சான்றையே கையில் கொடுப்பதாகும்.

வீட்டைத் தயார் செய்தல்

ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையோ மூலையோ நாய்க்கென்று வேண்டும். அதில் படுக்கை, தண்ணீர், பின்னால் ஒளிந்துகொள்ள ஏதேனும் ஒரு மறைப்பு ஆகியவை போதும். அங்கே இருக்கும்போது நாயை எவரும் தொடக்கூடாது என்பது வீட்டின் மாறாத விதியாக இருக்க வேண்டும்.

வெளிக்கதவுக்கு முன்னால் இன்னொரு தடுப்பு வையுங்கள். புது நாய் தப்பி ஓடும் ஆபத்து முதல் நாள்களில்தான் மிக அதிகம்; உங்கள் குரலையோ வீட்டையோ அறியாத நாய் அழைத்தால் திரும்பி வராது. ஆகவே மார்புப்பட்டை, கழுத்துப்பட்டை இரண்டையும் அணிவித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கயிறு மாட்டியே வெளியே அழைத்துச் செல்லுங்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் ஒரே நொடியில் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும்.

முதல் நாள்கள்: எதையும் செய்யாதிருத்தல்

இந்தக் கட்டத்தில்தான் நல்லெண்ணம் மிகுதியாகத் தீங்கு செய்கிறது. குளிப்பாட்டுவது, மடியில் தூக்கி வைப்பது, உறவினரை அழைத்துக் காட்டுவது, கடைவீதிக்கு அழைத்துச் செல்வது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கைப் புரிந்துகொள்ளும், மூன்று மாதத்தில் தன் வீடென்று உணரும் என்று மீட்புப் பணியில் இருப்போர் சொல்வதுண்டு. இது ஆய்வில் கண்ட விதியன்று, ஒரு கைக்கணக்கு. பழகத் தயங்கும் நாய்க்கு இதைவிடக் கூடுதலாகவே நாள் பிடிக்கும்.

என்னிடம் வந்த செம்பி, ஐந்து வயது மதிக்கத்தக்க பெண் நாய். வந்ததும் மேசைக்கு அடியில் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. அறையில் ஆள் இருந்தால் தண்ணீரைக்கூடத் தொடமாட்டாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு, நடுநிசியில் நாக்கால் தண்ணீரை அள்ளிக் குடிக்கும் ஓசை மட்டும் கேட்கும். மூன்றாம் நாள் இரவு அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். தரையில் நகங்கள் உரசும் சத்தம் இரண்டடி வந்து நின்றது, பின்வாங்கியது, மறுபடியும் வந்தது. முழங்கையில் சூடான மூச்சு பட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். அவள் முகர்ந்து முடித்துவிட்டுத் தானாகவே திரும்பிப் போனாள். மறுநாள் காலையில் நான் அறையில் இருக்கும்போதே தண்ணீர் குடித்தாள்.

நாய் தானாக வருவதும் தானாக விலகுவதும் அதன் முடிவாக இருக்க வேண்டும். உணவைக் கையில் நீட்டி அருகே இழுக்காதீர்கள். உணவின் ஆசையில் நெருங்கிவிட்டு, உண்டு முடித்ததும் தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து பதறிக் கடித்த நாய்கள் உண்டு. தின்பண்டத்தை நாய்க்குப் பின்புறமாக வீசினால், அது விலகிப் போய் உண்டுவிட்டு, விரும்பினால் மீண்டும் நெருங்கும். நீங்கள் இருக்கும்போது நல்லதும் நடக்கிறது, தப்பிக்கவும் வழி இருக்கிறது என்ற இரண்டையும் அது ஒருசேரக் கற்கிறது.

பார்த்ததை எழுதி வைத்தல்

நாய் கடிப்பதற்கு முன் பலவிதமாகச் சொல்லிப் பார்க்கிறது. முகத்தைத் திருப்பும், பசியில்லாத நேரத்தில் உதட்டை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும்படி ஓரக்கண்ணால் பார்க்கும். அதன்பிறகும் விலகாவிட்டால் உடல் விறைத்து அசைவற்று நிற்கும். அந்த அசைவின்மையே எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதன்பின் உறுமல், பிறகு கடி. வாலாட்டும் நாய் கடிக்காது என்ற நம்பிக்கையும் தவறு. விறைப்பாக உயர்த்திய வால் வேகமாக ஆடினால் அது நட்பன்று, பதற்றம்.

உறுமியதற்காக ஒருபோதும் அதட்டாதீர்கள். உறுமல் தண்டனைக்குரியது என்று கற்ற நாய், அச்சத்தை விட்டுவிடாது, எச்சரிப்பதைத்தான் விட்டுவிடும். 'முன்னறிவிப்பின்றிக் கடித்தது' என்று சொல்லப்படும் நாய்களுள் எத்தனை இப்படி உருவானவை என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: என்ன நடந்தது, எவ்வளவு தொலைவில் நடந்தது, நாய் என்ன செய்தது, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் பிடித்தது. செம்பியைத் தந்தவர்கள் 'ஆண்களைக் கண்டால் ஆகாது' என்று சொல்லியிருந்தார்கள். மூன்று வாரக் குறிப்பைச் சேர்த்துப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. குடையுடன் வந்த பெண்ணைப் பார்த்து உறுமியிருக்கிறாள். துடைப்பத்தை எடுத்தபோது என்னைப் பார்த்தே உறுமியிருக்கிறாள். வெறுங்கையோடு தரையில் அமர்ந்திருந்த ஆண் நண்பரிடம் பத்து நிமிடத்தில் போய் முகர்ந்திருக்கிறாள். அவள் அஞ்சியது ஆண்களுக்கு அல்ல, கையில் நீளமான எதையேனும் ஏந்தி மேலிருந்து குனிகிறவர்களுக்கு. அந்த ஒரு திருத்தம் இல்லாவிட்டால், அவளுக்குப் பொருத்தமான வீடுகளில் பாதியை நாங்கள் தொடக்கத்திலேயே தள்ளியிருப்போம்.

அச்சத்தைக் குறைக்கும் பயிற்சி

எந்த அச்சத்துக்கும் ஒரு தொலைவு உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் நாய் அந்நியரைப் பார்க்கும், ஆனால் உண்ணும், தரையை முகரும், உங்கள் குரலுக்குத் திரும்பும். எல்லைக்குள் வந்துவிட்டால் உணவை ஏறெடுத்தும் பாராது. பயிற்சி முழுவதும் எல்லைக்கு வெளியேதான் நடக்க வேண்டும். உள்ளே போனபின் நடப்பது பயிற்சியன்று, தாங்கிக்கொள்ளல் மட்டுமே.

முறை எளியது. அந்நியர் தொலைவில் தோன்றுகிறார். நாய் அவரைப் பார்க்கிறது. உடனே நீங்கள் மிகச் சுவையான ஒன்றைத் தருகிறீர்கள். அவர் மறைந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள். வரிசை முக்கியம். ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆய்வில் ஓசை முதலில், உணவு பின்னர் என்று வந்ததால்தான் ஓசையைக் கேட்டே நாய்க்கு எச்சில் ஊறியது. உணவு முதலில் வந்தால் உணவுப்பையின் சரசரப்பே நாய்க்கு அபாய அறிவிப்பாகிவிடும். சில நாள்களில் நாய் அந்நியரைப் பார்த்துவிட்டு எதிர்பார்ப்புடன் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அப்போது தொலைவைச் சிறிது குறைக்கலாம். இரண்டடி குறைத்தது அதிகமாகிவிட்டால் நான்கடி பின்வாங்கலாம்.

அச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலையில் இடி, நண்பகலில் ஊசி, மாலையில் விருந்தினர் என்றால், வழக்கமாகப் பொறுத்துக்கொள்ளும் விருந்தினரையே அன்று கடிக்கக்கூடும். இரண்டாம் வாரத்தில் செம்பி நன்றாக இருக்கிறாள் என்று நம்பி மூன்று நண்பர்களை ஒரே மாலையில் வீட்டுக்கு அழைத்தது என் தவறு. எவரையும் அவள் கடிக்கவில்லை. ஆனால் மேசைக்கு அடியிலிருந்து மீண்டும் வெளியே வரப் பத்து நாள் ஆயிற்று. கடினமான நாளுக்கு மறுநாள் ஓய்வு கொடுங்கள். வளர்ந்த நாய்கள் நாளுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் உறங்கக்கூடியவை. உறக்கம் கெட்ட நாயிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

சில நாய்கள் எந்தத் தொலைவிலும் அமைதியடைவதில்லை. உண்ணாமல், உறங்காமல், எப்போதும் மூச்சிரைத்தபடி இருக்கும். அவற்றுக்கு மருத்துவர் பதற்றத்தைத் தணிக்கும் மருந்து தரலாம். ஃபுளுவாக்ஸெட்டின் போன்றவை பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பதால், காலம் தாழ்த்தாமல் பேசிவிடுவது நல்லது. மருந்து கொடுப்பதை உங்கள் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை.

பிற நாய்களோடு பழக்குதல்

நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்துவது மிக மோசமான அறிமுகம். நாய்கள் இயல்பாக வளைந்தே நெருங்கும். கயிறு இறுகியிருந்தால் வளையவோ விலகவோ முடியாமல் பாய்ச்சலே மிஞ்சும். இருவருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில், அமைதியான இயல்புடைய ஒரு நாயை மற்றொருவர் பிடித்துக்கொள்ள, பதினைந்து மீட்டர் இடைவெளி விட்டு ஒரே திசையில் இணையாக நடங்கள். கயிறு தளர்ந்திருக்கட்டும். இரண்டும் தரையை முகர்ந்துகொண்டு நடந்தால் மெல்ல நெருங்கலாம். முதன்முறை முகர்தல் மூன்று நொடி போதும். உற்சாகமாக அழைத்துப் பிரித்துவிடுங்கள். ஒரே நாளில் நட்பாக வேண்டிய தேவையில்லை.

வீட்டுக்குள் ஒன்றாக விடும்போது உணவு, எலும்பு, பொம்மை அனைத்தையும் அகற்றிவிடுங்கள். வேறு நாயோடு ஒருபோதும் ஒத்துப்போகாத நாயும் நல்ல வளர்ப்பு நாயே. ஒரே நாயாக வாழும் வீட்டில் அது நிறைவாக இருக்கும்.

கூடை வடிவ வாய்மூடியை எல்லா நாய்களுக்கும் பழக்கிவிடலாம். அதை அணிந்தபடி நாய் மூச்சிரைக்கவும், நீர் அருந்தவும், தின்பண்டம் பெறவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நடைக்கு ஆகாது. உள்ளே உணவைத் தடவி, நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை பட்டையை மாட்டாமல், இரண்டு மூன்று வாரங்களில் பழக்குங்கள்.

நாயைப் பற்றி எழுதும் அறிமுகம்

இப்போது குறிப்பேடு பயன்படும். 'அன்பான, கொஞ்சம் கூச்சமுள்ள நாய்' என்ற வாக்கியத்தால் எவருக்கும் எதுவும் தெரியாது. செம்பிக்கு நான் எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது: 'புதியவரிடம் முதல் மூன்று சந்திப்புகளில் அருகே வரமாட்டாள். மேலிருந்து குனிந்து தொட்டால் உறுமுவாள்; தரையில் அமர்ந்தால் தானே வருவாள். ஒருமுறை என் சட்டைக் கையைப் பல்லால் பற்றினாள், தோலில் படவில்லை. நான்கு மணி நேரம் தனியே இருப்பாள். விடியற்காலை நடையில் வாலை உயர்த்திக்கொண்டு முன்னால் ஓடுவாள். குழந்தைகள் உள்ள வீடு வேண்டாம்.' இதைப் படித்து விலகியவர்கள் பலர். அவர்கள் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு விலகுவதைவிட இது எவ்வளவோ மேல். கடித்த நிகழ்வை மறைப்பது நாய்க்குச் செய்யும் துரோகம். அடுத்த கடி அதன் உயிரையே கேட்கக்கூடும்.

எல்லா நாய்களுக்கும் வீடு கிடைத்துவிடும் என்று சொல்வதும் நேர்மையாகாது. ஆழமாக, பலமுறை, முன்னறிய முடியாத சூழலில் கடித்த நாயைக் குடும்பங்களிடம் ஒப்படைப்பது தவறு. அத்தகைய நிலையில் கால்நடை மருத்துவர், அனுபவமுள்ள நடத்தை வல்லுநர், மீட்பு அமைப்பு மூவரும் அமர்ந்து முடிவெடுக்க வேண்டும். அமைதியான மரணம்கூட அங்கே பேசப்படலாம். அந்தச் சுமையை நீங்கள் தனியே சுமக்க வேண்டியதில்லை.

வீட்டைத் தேர்ந்தெடுத்தலும் ஒப்படைத்தலும்

வருகிறவரிடம் 'நாய் பிடிக்குமா?' என்று கேட்காதீர்கள். இந்த நாய் ஆறு மாதம் உங்களைத் தொடவிடாவிட்டால் என்ன செய்வீர்கள், விருந்தினர் வரும்போது இதை எங்கே வைப்பீர்கள், வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். தன் அன்பால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறுதி கூறுபவரைவிட, 'அப்போது உங்களைக் கூப்பிட்டுக் கேட்பேன்' என்று சொல்பவரையே நான் நம்புவேன்.

குறைந்தது மூன்று சந்திப்புகள் வேண்டும்: முதலாவது நடையில், இரண்டாவது உங்கள் வீட்டில், மூன்றாவது அவர் வீட்டில். முதல் சந்திப்பில் அவர் நாயைப் பாராமல் உங்களோடு பேசிக்கொண்டே நடக்கட்டும். இறுதியில் செம்பியை ஏற்றவர் தனியாக வாழும், பணி ஓய்வு பெற்ற ஒருவர். 'ஆண்களுக்கு ஆகாது' என்ற பழைய வரியை நம்பியிருந்தால் அவரை அழைத்தே இருக்க மாட்டோம். என் வீட்டுக்கு வந்த முதல் நாளில் அவர் கைத்தடியைக் கதவுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டு வந்து தரையில் அமர்ந்தார். என் குறிப்பை அவர் படித்திருந்தார்.

ஒப்படைக்கும்போது நாயின் படுக்கை விரிப்பைத் துவைக்காமல் அனுப்புங்கள். பழகிய மணம் அதற்குத் துணை. அதே உணவு இரண்டு வாரத்துக்கு, மருத்துவ ஆவணங்கள், குறிப்பேட்டின் நகல் ஆகியவற்றையும் கொடுங்கள். தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் இருந்தால், நாய் தொலைந்தால் தேடுவோருக்குப் புது உரிமையாளரின் விவரம் கிடைக்கும்படி பதிவை அன்றே மாற்றிவிடுங்கள். ஒத்துவராவிட்டால் நாய் உங்களிடமோ அமைப்பிடமோதான் திரும்ப வேண்டும், வேறெவரிடமும் கைமாறக்கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

புது வீட்டில் நாய் மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கும். பழைய ஒளிதலும் உறுமலும் திரும்பும் என்று முன்பே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால், ஏமாற்றப்பட்டதாக எண்ணுவார்கள். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் என நீங்களே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். 'எல்லாம் நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால் 'ஆம்' என்றுதான் சொல்வார்கள். 'இந்த வாரம் எப்போது உறுமினாள், அப்போது யார் எங்கே நின்றார்கள்?' என்று கேளுங்கள். நேரில் போய்ப் பார்ப்பதை மட்டும் முதல் சில மாதங்களுக்குத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாம் மாத அழைப்பின்போது செம்பி அவருடைய நாற்காலிக்கு அடியில் உறங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்; கைத்தடி இப்போது வீட்டுக்குள்ளேயே, அவள் பார்க்கும்படி சுவரோரம் இருக்கிறதாம்.